கார் கூரைக்கு ஒரு முழக் கம்பி போதும்

காருக்கு வி.எச்.எஃப் (மிக உயர் அதிர்வெண் ரேடியோ) ஆன்டெனா வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் டெசிபல் எண்ணைத்தான். நான் அதைக் கடைசியில் பார்க்கிற ஆள். பார்க்காமலேயே விட்டதும் உண்டு.

எங்கள் பட்டறையில் சி.என்.சி மெஷின் ஓட்டும் தம்பி ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) பரீட்சை பாஸாகி, உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கிவிட்டான். 50 வாட் 2 மீட்டர் அலைவரிசை செட் ஒன்றை வேகன் ஆர் காரில் மாட்டுவதற்கென்று எடுத்து வைத்திருக்கிறான். மிச்சம் ஏரியல்தான். மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல எதுங்ணா வாங்கறது?" என்று கேட்டான். ஒன்று அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வெறும் கம்பி. இன்னொன்று அடியில் குண்டாக ஒரு காயில் வைத்து, ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. மூன்றாவது ஒரு மீட்டர் நீளம், ‘கிரவுண்ட் தேவையில்லை’ என்று பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருந்தான். தம்பிக்கு நீளமானதன் மேல்தான் கண். கார் பார்க்க கெத்தாக இருக்குமாம்.

குட்டையை வாங்கு என்றேன். ஏன் என்று கேட்டான். அதற்கான பதில் ஒரு டீ நேரத்தில் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம் நாட்டில் ஹாம்களுக்கான 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 145. முந்நூறை 145ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர். நிஜக் கம்பிக்குத் தடிமன் உண்டு, நுனியில் நடக்கும் சங்கதி ஒன்றும் உண்டு. அதனால் நடைமுறையில் சுமார் 49 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். பூக்காரம்மா முழம் போட்டால் கொஞ்சம் மிச்சம் விழுகிற நீளம். இதுதான் கால் அலை விப். காயில் கிடையாது, பொருத்திச் சரிசெய்ய உள்ளே எதுவும் கிடையாது. கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நீளமானது எட்டில் ஐந்து பங்கு அலை. ஹாம்கள் ‘ஃபைவ் எய்ட்’ என்பார்கள். அந்த நீளத்துக் கம்பி செட் எதிர்பார்க்கும் 50 ஓம் மின்மறுப்புக்குத் தானாகப் பொருந்தாது, அதற்குத்தான் அடியில் காயில். போண்டாவைத் தட்டி வடையாக்கினால் மாவு கூடுவதில்லை, அகலம்தான் கூடும். ‘கெயின்’ என்பதும் அவ்வளவுதான். மேல்நோக்கிப் போகிற சக்தியைக் கொஞ்சம் தட்டி அடிவானத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. எல்லையில்லாமல் விரிந்த உலோகத் தரையின் மேல் நிறுத்தினால் கால் அலையைவிட ஏறத்தாழ 3 டெசிபல் கூட என்று பாடத்தில் வரும். வேகன் ஆர் கூரை எல்லையில்லாத தரை இல்லையே. வண்டியின் மேல் அந்த வித்தியாசம் ஒன்று, ஒன்றரை டெசிபலுக்குச் சுருங்கிவிடலாம். ரிசீவர் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி என்பது 6 டெசிபல். எதிர்முனையில் கேட்கிறவருக்கு இந்த ஒன்றரை தெரியவே தெரியாது. சிக்னல் இரைச்சலில் முங்கி எழுகிற விளிம்பில்தான் அதற்கு மதிப்பு.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் இன்னொரு வேலையும் நடக்கும். எதை ஒப்பிட்டு அந்த டெசிபல் என்று சொல்லவே மாட்டார்கள். எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் ஒரு எண். டைபோல் என்கிற நிஜ அரை அலை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் அதைவிட 2.15 குறைந்த எண். பெரிய எண் வருகிற முறையைத்தானே வியாபாரி எடுப்பார்? வெறும் டிபி என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன்.

வி.எச்.எஃப்பில் உயரம்தான் ராஜா. ரேடியோ அடிவானத்துக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 4.12ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கார் ஏரியல் தரையிலிருந்து 2 மீட்டர் என்றால் 5.8 கிலோமீட்டர். எதிரில் இன்னொரு கார் அதே உயரத்தில் இருந்தால் இரண்டையும் கூட்டி 11.6. மரமும் கட்டிடமும் இல்லாத மைதானத்துக்கே இந்தக் கதி. அதே காரிலிருந்து, சுற்றியுள்ள சமவெளியைவிட 1500 மீட்டர் உயர்ந்த மலையில் நிற்கும் ரிப்பீட்டரை (நாம் பேசுவதை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தை) பிடிப்பதென்றால் 165 கிலோமீட்டர் வருகிறது. 11 எங்கே, 165 எங்கே! ஒன்றரை டெசிபலுக்குக் காசு கொட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

மலை என்றதும் இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிற ரோட்டில் எதிராளி பல சமயம் நம் தலைக்கு மேலே இருப்பார், நாம் பள்ளத்தில் இருப்போம். அடிவானத்தைப் பார்த்துத் தட்டிவிட்ட ஃபைவ் எய்ட் அங்கே பெரிதாக உதவாது. கால் அலை கொஞ்சம் மேல்நோக்கியும் வீசும் என்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் அதுதான் நிதானமாக ஓடுகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தட்டையான தென்னந்தோப்பு நாட்டில் நீளக் கம்பிக்கு வேலை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை எதிர்த்து நாலுவழிச் சாலையில் போகும்போது அந்த ஒன்றேகால் மீட்டர் கம்பி பின்னால் வளைந்து படுத்துவிடும். கம்பி சாய்ந்தால் வீச்சும் சாயும், வடை வானத்தைப் பார்க்கும்.

அப்புறம் உயரத் தடுப்புக் கம்பி. வேகன் ஆர் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் உயரம். நீளக் கம்பியும் சேர்ந்தால் 3 மீட்டர். பல மால்களின் பேஸ்மென்ட் பார்க்கிங் நுழைவாயிலில் 2.1 மீட்டர் என்று மஞ்சளும் கறுப்புமாகக் கட்டை தொங்கும். கால் அலை வைத்தால் மொத்தம் 2.2 மீட்டர், நுனி ‘டிக்’ என்று தட்டி, வளைந்து, நிமிர்ந்துவிடும். வாட்ச்மேன் ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான். மற்றதை இறங்கிக் கழற்ற வேண்டும், பின்னால் நாலு பேர் ஹாரன் அடிப்பார்கள். பழைய சாலைகளில் இரண்டு பக்கமும் புளியமரம் தாழ்ந்து கவிந்திருக்கிற இடங்களிலும் இதே பாடுதான்.

மூன்றாவது படம், அந்த ‘கிரவுண்ட் தேவையில்லை’ கம்பி, அரை அலை. அதில் எழுதியிருப்பது பொய் இல்லை. அரை அலைக்கு அடியில் உலோகத் தரை இல்லாவிட்டாலும் நடக்கும். பைபர் பாடி வண்டி, கூரையில் கேரியர் போட்ட வண்டி, பைக் மாதிரி இடங்களுக்கு அதுதான் சரி. கூரை முழுக்க இரும்புத் தகடாக இருக்கும்போது அதற்கு ஏன் தண்டச் செலவு?

இந்த இரும்புத் தகடுதான் விஷயமே. கால் அலை விப் என்பது பாதி ஆன்டெனா. மீதிப் பாதி கார். கம்பியைச் சுற்றி நாலா பக்கமும் அரை மீட்டர் உலோகம் இருந்தால் அதன் வேலை திருப்தியாக நடக்கும். சின்னக் கார்களிலும் கூரை நடுவில் அந்த அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். அதே கம்பியை டிக்கி மூலையில் மாட்டினால் வீச்சு கார் உடம்பு இருக்கிற பக்கமாக ஒருச்சாய்ந்து போகும். பின் இடது மூலையில் வைத்தால் முன் வலது பக்கம் நன்றாகவும் மற்ற பக்கம் மந்தமாகவும் இருக்கும். ரவுண்டானாவைச் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்குவதைக் கேட்டே இவர் எங்கே மாட்டியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மூலையில் வைத்த விலையுயர்ந்த ஃபைவ் எய்டைவிட, கூரை நடுவில் வைத்த வெறும் கம்பி நல்லது என்பேன். கூரை நடுவில் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தகடு மறைப்பாக இருக்கும். பேசும்போது வெளியே யாரும் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 50 வாட்டில் நுனியைத் தொட்டால் விரல் சுடும். குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

நடுவில் எப்படி மாட்டுவது? கூரை என்றாலே எல்லாரும் பயப்படுவது ஓட்டைக்குத்தான். பழைய அம்பாசிடரில் கூரை ஓரமாக மழைத்தண்ணீர் ஓட ஒரு கால்வாய் மடிப்பு இருக்கும், அதில் கிளாம்ப் போட்டுக் கடித்துவிட்டால் முடிந்தது. இப்போதைய கார்களில் அந்த மடிப்பே இல்லை. அதனால் முக்கால்வாசிப் பேர் மேக்னெட் மவுண்டுக்குத்தான் போகிறார்கள். நானும் குறை சொல்ல மாட்டேன். மேக்னெட்டின் அடித்தகடும் கார் கூரையும் நடுவில் பெயின்டோடு சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடும். பெயின்டைச் சுரண்டாமலே வி.எச்.எஃப்புக்கு கிரவுண்ட் கிடைப்பது அப்படித்தான். அடி அகலமாக உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு தொல்லை. பட்டறை வாசலில் வண்டி நிற்கிறது. பம்புக்கான ஷாஃப்ட் கடைகிற லேத்துகளிலிருந்து பொடிப் பிசிறு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். மேக்னெட் அத்தனையையும் இழுத்துத் தன் அடியில் சேர்த்துக்கொள்ளும். ஒருநாள் சும்மா நகர்த்திப் பார்த்தால் கூரையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வட்டம். மழை பெய்தால் அந்தப் பிசிறே துருப்பிடித்துக் கறையாகும். மேக்னெட் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை தூக்கி, அடியைத் துணியால் துடைத்து, கூரையையும் துடைத்து வைக்க வேண்டும். இழுத்து நகர்த்தக் கூடாது, ஓரத்தை நெம்பித் தூக்க வேண்டும். கண்ணாடிக் கூரை வைத்த கார்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, மேக்னெட் எங்கே ஒட்டும்?

என் சொந்த வண்டியில் ஓட்டை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். என்.எம்.ஓ மவுண்ட், அதாவது கூரை ஓட்டையில் உட்காரும், விப்பைத் திருகி ஏற்றும் அடிப்பாகம். முக்கால் இஞ்ச் ஓட்டை. வீட்டுக்காரி ஒரு வாரம் பேசவில்லை என்பது தனிக் கதை. உள்கூரைத் துணியை இறக்கிவிட்டு, குறுக்கே ஓடும் வலுத்தகடு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து, அதைத் தவிர்த்து மையம் குறிக்க வேண்டும். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதா டிரில்லை வைத்தால் கிழிந்து முக்கோணமாகிவிடும். ஹோல் சா போட்டு, மெதுவாக, தகட்டைச் சூடேற்றாமல் எடுக்க வேண்டும். உள்பக்கம் வாஷர் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகம் தெரியச் செய்து, வெட்டிய விளிம்பில் ப்ரைமர் தொட்டு, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்த பிறகு கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு கால் சுற்று. எவ்வளவு மழை வந்தாலும் ஒரு சொட்டு இறங்காது.

கேபிளைத் தூண் வழியாக இறக்கும்போது கவனம். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது கூரை ஓரத்தில்தான் மடிந்து படுத்திருக்கும். கேபிள் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகவே கூடாது. ஏர்பேக் எங்கே என்று தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக்கொண்டு திறங்கள்.

ஓட்டைக்கு மனசு வராதவர்களுக்கு டிக்கிக் கதவு விளிம்பில் கடிக்கும் லிப் மவுண்ட் இருக்கிறது. அதில் சின்னச் சின்னத் திருகுகள் பெயின்டைக் குத்திக்கொண்டு உலோகத்தைத் தொட வேண்டும், பல பேர் பெயின்டைக் காப்பாற்ற அடியில் டேப் ஒட்டிவிட்டு ஏரியல் சரியில்லை என்கிறார்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் கீல் மட்டும்தான் தொடர்பு. அதை நம்பாமல், பின்னல் செம்புப் பட்டை ஒன்றைக் கதவிலிருந்து பாடிக்குக் குறுக்கே போட்டுவிட்டால் நல்லது.

கேபிளைப் பற்றி இரண்டே வரி. ஆர்.ஜி-58 இந்த பேண்டில் 5 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபல் தின்னும். மெலிசாக அழகாக இருக்கிறது என்று ஆர்.ஜி-174 வைத்த மேக்னெட் மவுண்டை எடுத்தால் அதைவிட நிறையவே தின்னும், ஃபைவ் எய்டில் கிடைத்த கெயின் அங்கேயே செரித்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த வேலை. ஏரியல் வந்து சேரும் வரை தம்பி சும்மா இருக்கவில்லை, அவனுக்கு ஒரு சோதனைக் கம்பி செய்து கொடுத்தேன். வெல்டிங் சாமான் விற்கிற கடையில் பித்தளை பிரேசிங் ராடு கிடைக்கும். பித்தளையில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். ஒரு பி.எல்-259 கனெக்டரின் நடு ஊசிக்குள் அதைச் செருகிப் பற்றவைத்து, சுற்றிலும் எம்-சீல் அடைத்தால் கால் அலை ரெடி. நுனியை வளையமாக மடக்கிவிட வேண்டும், குனிகிறவர் கண்ணில் குத்தாமல் இருக்க. அந்த கனெக்டர் நேராக ஏறுகிற மேக்னெட் மவுண்ட் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது.

கம்பியை முதலில் 52 சென்டிமீட்டர் விட்டே வெட்ட வேண்டும். நானோ வி.என்.ஏ என்கிற கையடக்க ஆன்டெனா அளவி இருந்தால் எளிது, இல்லாவிட்டால் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் சாதா எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் போதும். வண்டியைத் தகரக் கொட்டகைக்கு வெளியே திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, ஆள் தள்ளி நின்று 144, 145, 146 மூன்றிலும் அளக்க வேண்டும். 144இல் நன்றாகவும் 146இல் மோசமாகவும் இருந்தால் கம்பி நீளம். அந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் ஒத்திசைவு சுமார் 0.3 மெகாஹெர்ட்ஸ் ஏறும். அதனால் கட்டர் வேண்டாம், அரம் போதும். வாங்கிய ஸ்டீல் விப்பாக இருந்தால் கட்டிங் பிளையர் வாய்தான் உடையும், கிரைண்டரில் தொட்டு எடுங்கள்.

மீட்டர் 1.5 காட்டினால் நிறுத்திவிடலாம். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதச் சக்தி. 2 என்றாலும் 11 சதவீதம்தான். 1.1க்கு இறக்குகிறேன் என்று நாள் முழுக்க அரத்தோடு நிற்பவர்களை எனக்குத் தெரியும். டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் மின்தடை) 1.0தான் காட்டும், அதில் யாரோடு பேசுவது? பழைய கேபிளில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் மீட்டர் அழகாகத்தான் காட்டும், திரும்பி வருகிற சக்தியையும் கேபிளே குடித்துவிடுவதால்.

கால் அலைக்கு ஒரு இலவச இணைப்பும் உண்டு. 145க்கு வெட்டிய கம்பி அதன் மூன்று மடங்கான 435இலும் முக்கால் அலையாக ஒத்திசையும். நம்முடைய 434–438 பேண்ட் அங்கேதான் இருக்கிறது. வீச்சு கொஞ்சம் மேல்நோக்கிப் போகும், இருந்தாலும் பக்கத்து ஆளோடு பேச நடக்கும்.

கம்பெனி வைத்த எஃப்.எம் ஏரியலிலேயே செட்டைச் செருகலாமா என்று தம்பி இடையில் ஒரு யோசனை சொன்னான். கூடவே கூடாது. அது கேட்பதற்கு மட்டும். பல கார்களில் அதன் அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும். 50 வாட்டை அதற்குள் அனுப்பினால் அது புகைந்துவிடும், செட்டின் ஃபைனலும் (கடைசிப் பவர் டிரான்சிஸ்டர்) சேர்ந்து போகலாம். செட்டுக்கான கரண்டும் அப்படித்தான், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் எடுக்க வேண்டாம். பேசும்போது பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராக, இரண்டு வயரிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டு இழுக்க வேண்டும்.

சோதனைக் கம்பியை மாட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். ரிப்பீட்டரில் எனக்கு நன்றாகத்தான் கேட்டது, நடுநடுவே மட்டும் படபடவென்று வெட்டியது. "கம்பி பத்தலீங்ணா, நீளம் வேணும்" என்றான் உடனே. ஏரியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வருவதோடு மோதி, ஏறக்குறைய அரை அலைக்கு ஒரு பள்ளம் விழும். அரை அலை என்றால் ஒரு மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 20 மீட்டர், நொடிக்கு இருபது பள்ளம். ஓரமாக நிறுத்தி, கேட்கிற இடமாகப் பார்த்து வண்டியை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்தினால் போதும், தெளிந்துவிடும்.

கூரையில் கம்பியைப் பார்த்ததும் போலீஸ் வண்டியா என்று கேட்பவர்கள் வருவார்கள், டோல்கேட்டில் விறைப்பாக நிமிர்ந்து நின்றவரும் உண்டு. உரிமத்தின் நகலை டேஷ்போர்டில் வைத்துக்கொள்வது நல்லது, கேட்டால் காட்டலாம்.

கடைசியில் தம்பி ஓட்டைக்கே சம்மதித்துவிட்டான். என்.எம்.ஓ மவுண்டில் ஊருக்குள் கால் அலை. உடுமலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போது அதே மவுண்டில் ஃபைவ் எய்டைத் திருகிக்கொள்ளலாம், அது வரும் தீபாவளி போனஸுக்குப் பிறகு. சர்வீஸுக்கு விடும்போது விப்பைக் கழற்றிவிட்டு மவுண்டின் மேல் ரப்பர் மூடியைப் போட்டே ஆக வேண்டும். வாட்டர் வாஷ் தண்ணீர் நடு ஊசியில் இறங்கினால் பித்தளை பச்சை பூத்துவிடும். மூடி தனியாகத்தான் விற்கிறது, மவுண்ட் வாங்கும்போதே ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.